உரிய வழியாக ஒரு மைதானம்

மைதானத்துக் கீகர் மரத்தில், அதாவது கருவேல மரத்தில், அந்த நோட்டீஸை ஒட்டியது 1981 செப்டம்பர் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. அன்றைய என் டைரியில் இப்படி இருக்கிறது: "ஐந்து ஐம்பதுக்கு வகுப்பு. பஸ் வரவில்லை. முதல் பீரியட் போயிற்று. கீகர் மரத்தில் ஏதோ நோட்டீஸ்." நோட்டீஸைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பஸ்ஸைவிடச் சின்ன விஷயம்.

பகலில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் எனக்கு வேலை. வருகிற காகிதத்துக்கு எண் போட்டு, எந்த மேசைக்குப் போகிறது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சாயங்காலம் பி.ஏ. வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை டெல்லி சரோஜினி நகர் மைதானத்தில் எங்கள் காலனி டீமுக்கு ஸ்கோர் எழுதுவேன். மூன்றும் ஒரே மாதிரி வேலைதான். நடந்ததை வரிசையாக எழுதுவது. எழுதிய பிறகு சரியாகத்தான் எழுதினேனா என்று சந்தேகப்படுவது. பந்து பேட்டில் பட்டதா காலில் பட்டதா என்று யோசித்து யோசித்து ஓவர் முடிந்த பிறகு பென்சிலால் திருத்துவேன். என் தம்பி பட்டாபி, "அக்கா ஸ்கோர்ல நம்ம டீம் மேட்ச் முடிஞ்சப்புறமும் தோக்கும்" என்பான்.

மைதானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு வரிசை குவார்ட்டர்ஸுக்கு நடுவில் கிடக்கிற மண் தரை. ஒரு பக்கம் சாக்கடை நாலா. கீகர் மரத்தில் பந்து பட்டால் நாலு ரன். லீலாவதி மாமியின் பால்கனிக்குள் போனால் அவுட், அடித்தவனே போய் மன்னிப்புக் கேட்டு எடுத்து வர வேண்டும். சாயங்காலத்தில் எருமைகள் குறுக்கே போகும். போகிறவரை ஆட்டம் நிற்கும். நடுவில் மட்டும் இருபத்திரண்டு கஜத்துக்கு ஒரு பட்டை, சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று இருக்கும். அது அய்யாசாமி மாமாவின் வேலை.

அய்யாசாமி மாமா எங்கள் அலுவலகத்திலேயே கணக்குப் பிரிவில் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது, குழந்தைகள் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுக் குழாயிலிருந்து பன்னிரண்டு வாளி தண்ணீர் கொண்டு வந்து அந்தப் பட்டையில் ஊற்றுவார். ஞாயிறு காலை நாலரைக்கு எழுந்து கல் உருளையை இழுப்பார். ஆறு மணிக்கு முதல் பந்து அவர்தான் போடுவார். பந்து ஒன்றும் பிரமாதமாக இராது. ஆனால் அதை அவர் போடும்போது யாரும் பேச மாட்டார்கள்.

நோட்டீஸ் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. அடுத்த வருஷம் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்கான கட்டட வேலைக்குக் குழாய்களும் கம்பிகளும் போட்டு வைக்கவும், கூலி ஆட்கள் தங்கவும் "இந்தக் காலி நிலம்" எடுத்துக்கொள்ளப்படும். காலனியில் குடியிருப்பவர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் முப்பது நாட்களுக்குள் கீழ்க்கண்ட ஆபீசுக்கு எழுதலாம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. எல்லோரும் கீகர் மரத்தடியில் நின்றார்கள்.

"காலி நிலம்னா எழுதியிருக்கறானுங்க?" என்றார் அய்யாசாமி மாமா. "பதினாலு வருசமா நான் தண்ணி ஊத்துனது காலி நிலத்துக்குங்களா?"

"எனக்கு ஒரு நாளு காச்சல்னா ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்திருப்பாரா?" என்றாள் பால்கனியிலிருந்து தங்கம் மாமி, அவர் மனைவி. "மண்ணுக்குன்னா பன்னெண்டு வாளி."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"அரே, ஜல்தி ஏதாவது பண்ணுங்கோ யார்" என்றான் பட்டாபி.

"அப்பாவையே ‘யார்’ங்கறான் பாரு, சிநேகிதனைக் கூப்பிடறாப்பல" என்றார் அப்பா. அப்பா ராமமூர்த்தி ஒரு அமைச்சகத்தில் முப்பது வருஷம் கோப்புகளில் நோட் எழுதியவர். "எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம். இருபத்தேழு வீடு இருக்கு."

அப்போது நான் வாயைத் திறந்தேன். அதை நான் மறக்கப் போவதில்லை.

"கூட்டு மனு கூடாதுப்பா. ரூல்ஸ்ல இருக்கு. சர்க்கார் ஊழியர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடப்படாது. ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதணும். அவா அவா ஆபீசர் மூலமா, த்ரூ ப்ராப்பர் சானல் போகணும்."

ஆபீசில் நடத்தை விதிகள் புத்தகத்தை நான் உண்மையிலேயே படித்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் முழுவதும் படித்துக் குறிப்பெடுத்தவள் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான்.

யாரும் மறுக்கவில்லை. அதுதான் விசித்திரம். இருபத்தேழு ஆண்களும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஒரு விதி இருக்கிறது என்று கேட்டதில் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ரயில்வேயில் இருந்த பூவராகவன் சித்தப்பா மட்டும், "மைதானத்துக்குமா?" என்று இழுத்தார். அப்பா அவரை அடக்கினார். "ஓய், நாளைக்கு ஒமக்கு மெமோ வந்தா மைதானம் வந்து பதில் சொல்லுமா?"

"பொம்பளைங்க நாங்க போடறோமுங்க கையெழுத்து" என்றாள் தங்கம் மாமி மேலிருந்து. "எங்களுக்கு என்ன ஆபீசரா, மேனேஜரா? நேராப் போயி குடுத்துட்டு வந்தர்றோம்."

"நீ சும்மா இரு" என்றார் மாமா. "அம்மணி படிச்ச புள்ள. ரூல் தெரிஞ்சு பேசுது."

என் மேல் அவருக்கு இருந்த மரியாதை எனக்குப் பெருமையாக இருந்தது. டைரியில் அதையும் எழுதினேன். "அ. மாமா என்னைப் பாராட்டினார்."

மனுவை நான் டைப் அடிப்பதாக ஏற்பாடு. ஒவ்வொருவரும் வேறு வேறு ஆபீசருக்கு எழுத வேண்டும், ஆகையால் கார்பன் போட முடியாது. ஆபீஸ் மெஷினைத் தொட எனக்கு மனசில்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் புடவைக் கடைக்கு மேலே ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட். காலை ஏழிலிருந்து எட்டுவரை அங்கே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று மனு. ஒரு எழுத்து தப்பினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன். வெள்ளை பூசித் திருத்தினால் ஆபீசருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தோன்றியது. பூவராகவன் சித்தப்பாவின் பதவிப் பெயரில் ஒரு கமா விட்டுப் போயிற்று என்று அவருடையதை மட்டும் நாலு முறை அடித்தேன். இருபத்தேழு மனுவும் முடிய பன்னிரண்டு நாள் ஆயிற்று. நாட்களை எண்ணிக்கொண்டேதான் அடித்தேன். வேகமாக அடிக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஊர் முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். லோதி ரோடு பக்கம் ஸ்டேடியத்துக்குத் தூண்கள் எழும்பின. மேம்பாலங்கள் பாதி பாதியாக ஆகாயத்தில் நின்றன. என் பஸ் வாரத்துக்கு ஒரு புது வழியில் போயிற்று. கண்டக்டருக்கே தெரியாது, முன்னால் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு போவார். பேப்பரைத் திறந்தால் நேற்று எவ்வளவு கான்கிரீட் போட்டார்கள் என்று ஒரு கணக்கு. கலர் டெலிவிஷன் வரப்போகிறது என்று பட்டாபி சொன்னான். எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளையே இல்லை.

வகுப்பில் இங்கிலீஷ் லெக்சரர் கட்டுரை கொடுத்தார்: ஆசிய விளையாட்டும் நாட்டின் பெருமையும். மூன்று பக்கம் எழுதினேன். உலகத்தின் கண்கள் தலைநகரின் மேல், இளைஞர்களிடையே விளையாட்டு ஆர்வம், இப்படியெல்லாம். எழுதும்போது ஒரு இடத்தில்கூட என் கை நிற்கவில்லை. பத்துக்கு ஏழு மார்க் போட்டார். வீட்டுக்கு வருகிற வழியில்தான், மைதானத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று பட்டது. பிறகு, எழுதியிருந்தால் தலைப்பை விட்டு விலகியிருக்கும் என்றும் பட்டது.

மனுக்கள் போயின. அய்யாசாமி மாமாவுடையது மட்டும் என் கண்ணெதிரிலேயே போயிற்று. அவருடைய செக்‌ஷன் ஆபீசர் கையெழுத்திட்டு நிர்வாகப் பிரிவுக்கு அனுப்ப, அது என் மேசைக்கு வந்தது. செப்டம்பர் இருபத்திரண்டு. எண் போட்டேன். நிர்வாகப் பிரிவு சச்தேவா சாஹபின் தட்டில் வைத்தேன். அங்கிருந்து ஒரு முகப்புக் கடிதத்தோடு நோட்டீஸ் கொடுத்த ஆபீசுக்குப் போக வேண்டும். அந்த ஆபீஸ் எங்கள் கட்டடத்திலிருந்து நடந்து போனால் இருபது நிமிஷம்.

மறுநாளும் தட்டில் இருந்தது. அதற்கு மறுநாளும். மேலே வேறு காகிதங்கள் சேர்ந்து அது அடியில் போயிற்று. நான் டீ இடைவேளையில் அந்தப் பக்கம் போய், நீல மையில் மாமா போட்ட கையெழுத்தின் ஓரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். அதை எடுத்து மேலே வைக்க இரண்டு விநாடி போதும். ஆனால் தபால் பிரிவுக்காரி வேறு பிரிவின் தட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தையும் நான் படித்திருந்தேன்.

ஒரு நாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன். சச்தேவா சாஹப் நல்ல மனிதர். பெண்ணின் கல்யாணத்துக்கு ஹால் தேடிக்கொண்டிருந்தார்.

"அச்சா, அர்ஜெண்டா? அப்படியானால் சிவப்புச் சீட்டு வைத்து வந்திருக்க வேண்டுமே, மகளே."

"சிவப்புச் சீட்டு வைக்க எனக்கு அதிகாரம் இல்லை சார். ஆபீசர்தான் வைக்க வேண்டும்."

"பில்குல் சரி" என்றார் சந்தோஷமாக. "ஆபீசரிடம் சொல்லி வைக்கச் சொல்."

"எந்த ஆபீசர் சார்?"

"நான்தான்." கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமை ஞாபகப்படுத்து. இன்று பந்தல்காரன் வருகிறான்."

திங்கட்கிழமை அவர் லீவு.

மாமா தினமும் பஸ் ஸ்டாப்பில் கேட்பார். "எந்த மேசையில இருக்குது அம்மணி?"

"சச்தேவா சாஹப்கிட்ட மாமா."

"பாத்துட்டு இருக்காரு போல" என்பார். அவசரப்படுகிற ஆபீசரை அவர் நம்ப மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு வாளித் தண்ணீரும் தவறாமல் ஊற்றினார். ஞாயிறு முதல் பந்தும் போட்டார். நான் ஸ்கோர் எழுதினேன். அந்த ஞாயிறு எழுதியதில் ஒரு திருத்தம்கூட இல்லை.

முப்பதாவது நாள் அக்டோபர் மூன்று, சனிக்கிழமை. முந்தின நாள் காந்தி ஜெயந்தி லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஃபுல்ஸ்கேப் தாள். தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் பத்தொன்பது பெண்களின் கையெழுத்து. பால்கனியில் பந்து விழுகிறது என்று எப்போதும் சண்டை போடும் லீலாவதி மாமியின் கையெழுத்துதான் முதலில் இருந்தது.

"உங்க மாமாக்குத் தெரியாது" என்றாள். "நாளைக்கு நீ லீவு போடு. ஆபீசு எங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச இந்தி தக்காளி வாங்கத்தான் காணும்."

"மாமி, ரூல்படி..."

"என்னைய மாமீன்னு கூப்படறதுக்கு ஏதாச்சும் ரூல் இருக்குதா? கூப்படறயல்ல? வா."

மறுநாள் காலை லீவு லெட்டர் எழுதிப் பட்டாபியிடம் கொடுத்து அனுப்பினேன். பஸ்ஸில் போகும்போது மாமி தாளை மஞ்சள் பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். புடவை தோய்த்துக் கஞ்சி போட்டது. முகத்தில் பவுடர். ஆபீசில் வேலை பார்க்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் என் வயதுதான் இருப்பார். தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதில் ஒருவர் பெயரிலாவது குவார்ட்டர்ஸ் இருக்கிறதா, பஹன்ஜி?"

இல்லை. எல்லாம் கணவர்கள் பெயரில்.

"ஆட்சேபணையை வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுத வேண்டும். அவர்கள் ஏன் எழுதவில்லை?"

"எழுதியிருக்கிறார்கள்" என்றேன். "இருபத்தேழு பேர். வந்துகொண்டிருக்கிறது. த்ரூ ப்ராப்பர் சானல்."

அவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். எனக்குப் பழகிய ரிஜிஸ்டர், அதே கோடுகள், அதே பச்சை அட்டை. எங்கள் மைதானத்தின் பெயர் போட்ட பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

"ஏக் பி நஹீ, ஒன்றுகூட வரவில்லை" என்றார். பிறகு நான் சொன்னது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போல நிமிர்ந்தார். "ப்ராப்பர் சானலா? அது சர்வீஸ் விஷயத்துக்கு. ப்ரமோஷன், டிரான்ஸ்ஃபர். மைதானத்துக்கு எதற்கு? கூட்டாகவே எழுதியிருக்கலாமே. ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தால் போதும். யார் இப்படிச் சொன்னது?"

கிண்டலாக அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

 மாமி, "இதை வாங்கிக்கச் சொல்லு" என்றாள் தமிழில். வாங்கிக்கொண்டார். ஆனால் எண் போடவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். சனிக்கிழமை, ஒரு மணிக்குக் கவுண்டர் மூடிவிடும். ஒருவராவது வந்து எழுதிக் கொடுத்தால் போதும், ஆனால் இருபத்தேழு பேரும் அவரவர் ஆபீசில் இருந்தார்கள். ஒருவரிடம்கூட டெலிஃபோன் இல்லை. இருந்திருந்தாலும் நான் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பேன்?

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெகு நேரம் மாமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி கட்டிய ஒரு மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றபோது சொன்னாள்:

"அந்தப் பையன் போஸ்ட் கார்டுன்னு சொன்னது எனக்கு வெளங்கிச்சு."

"மாமி, நான்..."

"உங்க மாமாகிட்டச் சொல்லாத."

"சொல்லணும் மாமி. தப்பு என்னோடது."

"சொன்னா உனக்கு மனசு லேசாயிரும். அவருக்கு?" என் பக்கம் திரும்பவில்லை. "அந்த மனுவ அவரு எத்தன தரம் படிச்சாருன்னு தெரியுமா? அதப் பாத்துக் கையால எழுதுன காப்பி ஒண்ணு பீரோக்குள்ள வெச்சிருக்காரு. இவ்வளவு சுத்தமா யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்லைன்னாரு. அதயும் புடுங்கிக்காத."

நான் அழுதேன். கண்டக்டர் எங்களைக் கடந்து போகும்போது மெதுவாகப் போனார்.

செவ்வாய்க்கிழமை லாரிகள் வந்தன. ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நடக்கக்கூடிய சிமெண்டுக் குழாய்களை இறக்கினார்கள். மூன்று நாளில் ஆட்களும் வந்தார்கள். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து, குடும்பம் குடும்பமாக. குழாய்களுக்குள்ளேயே சாக்கைத் தொங்கவிட்டுக் குடியேறினார்கள். சமமாக, ஈரம் தங்காமல் இருந்த ஒரே இடம் மாமா உருட்டிய பட்டைதான். அதனால் அதில் அடுப்பு வைத்தார்கள். குழந்தைகளை அதில்தான் படுக்க வைத்தார்கள்.

ஞாயிறு காலை டீம் பழக்கத்தில் வந்து நின்றது. பட்டாபி பேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஆர்.கே.புரத்துல செக்டர் நாலுல கிரவுண்ட் இருக்காம், சலோ" என்றான். நாலைந்து பையன்கள் அவனோடு போனார்கள். பெரியவர்கள் கொஞ்ச நேரம் நின்று பேப்பர் செய்திகளைப் பேசிவிட்டுக் கலைந்தார்கள். அய்யாசாமி மாமா குழாய்களுக்கு நடுவே போனார். நான் பின்னால் போனேன், ஏதாவது சண்டை போடுவாரோ என்று. பட்டையின் மேல் ஒரு பெண் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணி விரித்து ஒரு குழந்தை. அவள் பயந்து எழுந்து, அடுப்பை நகர்த்தட்டுமா என்று கேட்டாள்.

"ரஹ்னே தோ, ரஹ்னே தோ" என்றார் மாமா, இருக்கட்டும் என்று கையசைத்து. பிறகு என்னிடம், "இவங்கள நாம எங்க போகச் சொல்றது அம்மணி" என்றார். குனிந்து தரையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "நல்லா இறுகிக் கெடக்குது."

அவர் யாரிடமாவது கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போல் இருந்தது.

அக்டோபர் இருபதாம் தேதி அவருடைய மனு என் மேசைக்குத் திரும்பி வந்தது. சச்தேவா சாஹப் கல்யாணம் முடிந்து வந்து அனுப்பியிருக்கிறார். அந்த ஆபீசிலிருந்து அடியில் ஒரு வரி: "காலம் கடந்து பெறப்பட்டது. கோப்பில் வைக்கலாம்." ரிஜிஸ்டரில் அந்த எண்ணுக்கு நேரே "முடிந்தது" என்று எழுத வேண்டியது என் வேலை. எழுதினேன். மற்ற இருபத்தாறும் அவரவர் அலுவலகங்களில் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்பாகூட, "பண்ண வேண்டியதை முறையாப் பண்ணிட்டோம்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மாமா என்னைப் பார்த்ததும் க்யூவில் தனக்கு முன்னால் இடம் விட்டார்.

"இப்ப எந்த மேசையில இருக்குது அம்மணி?"

"அண்டர் செக்ரட்டரி மேசைக்குப் போயிருக்கு மாமா" என்றேன்.

"அவ்வளவு மேல போயிருச்சா?" முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, யாரென்றே தெரியாத ஒரு சர்தார்ஜியிடம், "ஹமாரா கேஸ் ஊப்பர் கயா" என்றார், எங்கள் கேஸ் மேலே போய்விட்டது என்று.

பஸ் வந்தது. எனக்கு வகுப்பு இருந்தது. என் பஸ் அது இல்லை. அவர் படியில் ஏறித் திரும்பி நின்று, கூட்டத்துக்கு மேலாகக் கேட்டார்:

"அங்க எத்தன நாளாகும்?"

நான் விரல்களைக் காட்டினேன். எத்தனை காட்டினேன் என்று டைரியில் எழுதவில்லை.